எண்ணெய் ஊற்றியும் பாலில் கொழுப்பு இறங்கினால்

எண்ணெயை முதலில் நிறுத்துங்கள் அண்ணே. மாட்டுத் தீவனத்தில் தினம் அரை லிட்டர் நல்லெண்ணெய் ஊற்ற ஆரம்பித்த பிறகு, பால் அளவு குறையாமல் கொழுப்பு மட்டும் 4 சதவீதத்திலிருந்து 2.8-க்கு இறங்கியது என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

எள் எண்ணெயில் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் அதிகம். வைக்கோல் குறைந்து அடர்தீவனம் கூடிய மாட்டின் பெருவயிற்றில் (தீவனம் முதலில் போய் நொதிக்கிற வயிற்று அறை), நுண்ணுயிர்கள் அதில் கொஞ்சத்தை டிரான்ஸ்-10 சிஸ்-12 சிஎல்ஏ என்ற கொழுப்பமிலமாக மாற்றிவிடும். அது மடிக்குப் போய், கொழுப்பு செய்யும் ஜீன்களுக்கு மேஸ்திரி மாதிரி இருக்கிற எஸ்ஆர்இபிஎஃப்-1 என்ற ஜீனை அடக்கும்; அதன் கீழ் வேலை செய்யும் எஃப்ஏஎஸ்என், ஏசிஏசிஏ மாதிரி ஜீன்கள் எல்லாம் சுணங்கும். ஜீன் கெட்டுப்போவதில்லை, வேலைதான் குறைகிறது.

நிறுத்திய இரண்டு மூன்று வாரத்தில் கொழுப்பு ஏற வேண்டும். ஏறவில்லையா? அரிசித் தவிட்டைப் பாருங்கள். மியான்மரில் பகோ பக்கம் ஆலையிலிருந்து நேரே வரும், எண்ணெய் எடுக்காத தவிட்டிலேயே 15 சதவீதம் வரை கொழுப்பு இருக்கும். அதை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்! உலர் எடையில் 10 கிலோ தின்னும் மாட்டுக்கு எல்லாம் சேர்த்து 600 கிராம் கொழுப்பைத் தாண்ட வேண்டாம்.

அப்புறம், எண்ணெயை நிறுத்திவிட்டு அதற்கு ஈடாக அரிசிக் குருணையைக் கூட்டாதீர்கள். பெருவயிறு புளித்தால் இதே கதைதான்.