ஏசியை 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிருமா? கரண்ட் பில் எகிறாமல் இருக்க எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்?

குளிராது. சாதாரண ஏசியின் கம்ப்ரசருக்கு ஓடவும் நிற்கவும் மட்டும்தான் தெரியும். 18-ல் வைத்தாலும் 25-ல் வைத்தாலும் ஓடும்போது ஒரே வேகம்தான். 18 என்றால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், மீட்டரும் கூடவே ஓடும். இன்வெர்ட்டர் ஏசி வேகத்தைக் கூட்டிக் குறைக்குமே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், எனக்கும் தெரியும். ஆனால் வெயிலில் காய்ந்து கிடக்கிற அறையில் 25 என்று வைத்தாலே அதுவும் முழு மூச்சில்தான் ஆரம்பிக்கும்.

25-ல் வைத்து ஃபேனையும் மெதுவாகச் சுற்ற விடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய 1,500 வாட் இழுக்கும். சீலிங் ஃபேனுக்கு 75 வாட் போதும், புது வகை ஃபேன் என்றால் அதில் பாதிகூட ஆகாது. ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, உடம்பு மேல் காற்றடித்து இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி உணர வைக்கிறது. அதனால் ஆள் இல்லாத அறையில் அது சுற்றுவது வீண்.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் 18-ல் வைத்தும் குளிரவில்லை, அதனால்தான் இந்தக் கேள்வி என்று தோன்றுகிறது. அப்படியென்றால் ரிமோட்டை விட்டுவிட்டு ஏசியைப் பாருங்கள். போன கோடையில் தம்பி வீட்டில் இதே கதைதான்.

"அக்கா, 16-ல வெச்சாலும் புழுங்குது. பில்லு வேற டபுளா வந்திருக்கு. மெக்கானிக் வர்றாரு, நீயும் வாயேன்" என்றான். போனேன். நான் ஏசி படித்தவள் இல்லை, வீட்டில் எது பழுதானாலும் திறந்து பார்க்கிற ஆள், அவ்வளவுதான். மெக்கானிக் வெளியே அவுட்டோர் யூனிட்டை எட்டிப் பார்த்தார். அதில் சேரும் இரண்டு செம்புக் குழாய்களில் பெரியதன் மேல் வெள்ளையாக ஐஸ் படர்ந்திருந்தது.

"பாத்தீங்களா சார், ஐஸ் கட்டியிருக்கு. கேஸ் காலி. ஃபுல்லா ஏத்தணும்."

"மூடின குழாய்க்குள்ளதானே சுத்துது, கேஸ் எங்கே போச்சு?" என்று கேட்டது நான்.

"ரெண்டு மூணு வருஷத்துல தானா குறைஞ்சிடும் சார்." பதில் தம்பிக்கு.

"பிரஷர் கேஜ் போட்டுப் பாத்தீங்களா?"

"தேவையில்ல சார், அனுபவத்துல தெரியும்." மறுபடியும் தம்பிக்கு.

கேள்வி கேட்பது நான், பதில் போவது அவனுக்கு. தம்பிக்கு ஏசியில் ஃபில்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இது ஏசி விஷயத்தில் மட்டும் இல்லை. வண்டி சர்வீஸ், பிளம்பர், எலெக்ட்ரீஷியன் எல்லோரும் இப்படித்தான். பணத்தை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். விளக்கமெல்லாம் பக்கத்தில் சும்மா நிற்கிற ஆம்பளைக்கு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கேஸ் என்பது குழாய்க்குள் சுற்றிச் சுற்றி அறை வெப்பத்தை வெளியே கொண்டுபோவது, பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிந்தால் கம்ப்ரசர் ஆயிலும் கூடவே வரும், குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். அங்கே அப்படி எதுவும் இல்லை. சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. உள்ளே போய் மெயினை அணைத்துவிட்டு, காற்று வரும் இடுக்கில் டார்ச் அடித்தேன். நீளமாக ஒரு உருளை தெரியும் பாருங்கள், அதுதான் ப்ளோயர். அதன் வளைந்த தகடுகள் ஒவ்வொன்றின் குழிவிலும் சாம்பல் நிறத்தில் தூசி அப்பிக் கிடந்தது. விரலால் சுரண்டினால் பட்டையாக உரிந்து வந்தது. ஃபில்டரை மாதா மாதம் கழுவுகிற வீடுதான் அது. ஆனால் பொடித் தூசி ஃபில்டரைத் தாண்டி உள்ளே போய், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ப்ளோயர் அடைத்தால் காயில் மேல், அதாவது காற்றைக் குளிர்விக்கிற குழாய்ச் சுருளின் மேல், போகிற காற்று குறையும். எடுக்க வெப்பம் கிடைக்காமல் காயில் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும், அதன் மேல் ஈரம் உறைந்து ஐஸ் கட்டும், அதிலிருந்து வெளியே வருகிற பெரிய குழாயிலும் அப்படியே. ஐஸ் கட்டினால் காற்று இன்னும் குறையும். கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும்தான், ஆனால் அப்போது பெரும்பாலும் சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும். "முதல்ல கழுவுங்க, அப்புறம் கேஸ் பேசலாம்" என்றேன். "மேடம் சொல்றாங்களேன்னு செய்றேன் சார்" என்று ப்ளோயரையும் காயிலையும் கழுவினார். கீழே கட்டிய பிளாஸ்டிக் பை முழுக்கக் கறுப்புத் தண்ணீர். அன்று மாலையே 25-ல் அறை ஜில்லென்று ஆனது. கேஸ் இன்று வரை ஏற்றவில்லை.

மெக்கானிக்குகள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. வீடு மாற்றி ஏசியைக் கழற்றி மாட்டினால் இணைப்பில் கசிவு வருவது சகஜம். அப்போது கசிவை அடைத்து, குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வேக்கூம் எடுத்து, எடை போட்டு கேஸ் நிரப்ப வேண்டும். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அடுத்த கோடையிலும் அவர்தான் வருவார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்கு ஜன்னல் இருந்தால் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுங்கள். உள்ளே வந்த பிறகு திரை போட்டால் பாதிப் பலன்தான். மேல் மாடி வீடு என்றால் பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி வரைக்கும் வெப்பத்தைக் கீழே தள்ளும். தளத்துக்கு வெள்ளை அடித்தாலே வித்தியாசம் தெரியும். அவுட்டோர் யூனிட் வெளியே தள்ளுகிற சூடான காற்று அதற்கே திரும்பாதபடி இடம் விடுங்கள், அதைச் சுற்றிச் சாமான் அடுக்காதீர்கள்.

ஈரத்துணியை ஏசி அறையில் காயப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். ஈரத்தை எடுப்பதும் ஏசியின் முக்கியமான வேலைதான். 1902-ல் அமெரிக்க இன்ஜினியர் வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்ததே மனிதர்களுக்காக இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் ஈரக்காற்றால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காராமல் போனதற்காகத்தான். சின்ன அறைக்குத் தேவைக்கு மேல் பெரிய ஏசி வாங்கினாலும் இதே தொல்லை: ஈரம் இறங்குவதற்குள் குளிர்ந்து நின்றுவிடும், உடம்பு பிசுபிசுக்கும்.

கடைசியாக, ஒரு மணி நேரம் வெளியே போகும்போது ஏசியை ஓட விடுவதே சிக்கனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குளிர்ந்த அறைக்குள் வெளி வெப்பம் நிற்காமல் நுழைந்துகொண்டே இருக்கும், அதையெல்லாம் ஏசிதான் வெளியே தள்ள வேண்டும். அணைத்துவிட்டுப் போங்கள். அணைத்த கையோடு திரும்பப் போட்டால் மட்டும், கம்ப்ரசர் கிளம்ப மூன்று நிமிடம் போல ஆகும். அதைப் பழுது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.