மீனவர்களோடு சேர்ந்து திமிங்கலங்களையும் ஓங்கில்களையும் (டால்பின்களை) கண்காணிப்பது எப்படி? அவர்கள் தரும் தகவலை நம்பலாமா?

நம்பலாம் என்பதே என் பதில். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாக் கரையில் சில ஆண்டுகள் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். மீனவரின் தகவலில் குறை இருந்தால், பெரும்பாலும் அது நாம் கேட்ட விதத்திலோ, கேட்ட பிறகு நடந்துகொண்ட விதத்திலோ ஏற்பட்ட குறையாகவே இருக்கும்.

திமிங்கலமும் ஓங்கிலும் மூச்சு வாங்க மேலே வரும் அந்தச் சில நொடிகளில்தான் நம் கண்ணுக்குப் படுகின்றன. ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டும் கடலில் சுற்றும் ஆய்வுப் படகு அந்த நொடிகளில் மிகச் சிலவற்றையே காணும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மற்றபடி ஏதாவது ஒரு ஊரின் படகு எந்த இரவிலும் கடலில் இருக்கும். அத்தனை கண்களை எந்த ஆய்வுத் திட்டத்தாலும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியாது.

தொடக்கத்தில் நான் நெகிழி உறையிட்ட பட அட்டை ஒன்றை ஊர் ஊராகக் கொண்டு போனேன். அதில் ஒவ்வொரு உயிரினமும் மூக்கிலிருந்து வால் வரை முழு உடலாக வரையப்பட்டிருந்தது. நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் வழிவலையை விரிக்கும் பெரியவர் ஒருவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, கடல்ல இப்படி முழுசா எங்க தெரியும்?" என்று கேட்டார். பிறகு என் பேனாவை வாங்கி, அட்டையின் பின்புறத்தில் நீர்மட்டமாக ஒரு கோடு இழுத்து, அதன்மேல் மூன்று முதுகுகளை வரைந்தார். முதலாவதில் முதுகு திமில்போல் உயர்ந்து, அதன்மேல் சிறு துடுப்பு நின்றது. கரையை ஒட்டிக் கலங்கிய நீரில் இது வரும் என்றார். இரண்டாவதில் பின்புறம் வளைந்த உயரமான துடுப்பு. மூன்றாவதில் துடுப்பே இல்லை. வழவழப்பான முதுகு மட்டும் ஒரு கணம் தெரிந்து மறையும் என்றார். கூன்முதுகு ஓங்கில், குப்பிமூக்கு ஓங்கில், துடுப்பில்லாக் கடற்பன்றி ஆகிய மூன்றையும் பிரித்தறிய அந்த மூன்று கோடுகள் போதுமானவையாக இருந்தன. அன்றோடு என் அட்டையை ஒதுக்கிவிட்டு, அவருடைய கோடுகளையே நகலெடுத்து எல்லாப் படகுகளுக்கும் கொடுத்தோம்.

இடம் குறிப்பதிலும் இதே கதைதான். அட்சரேகை, தீர்க்கரேகை கேட்டால் தயங்கும் ஒருவரிடம் எத்தனை பாகம் (இரு கை விரிப்பளவு) ஆழம், நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் ஓடியது, கரையில் எந்தக் கோயிலும் எந்தக் கலங்கரை விளக்கமும் எந்த நேர்க்கோட்டில் தெரிந்தன என்று கேட்டால், பின்னர் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கும் அளவுக்குத் துல்லியமான விடை வரும். இப்போது பல படகுகளில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. ஆனாலும் நீவாடும் ஆழமும் கேட்டு எழுதுவதை நான் விடவில்லை, ஏனென்றால் அந்த உயிரினம் ஏன் அங்கே வந்தது என்பதற்கான குறிப்பு அவற்றில்தான் இருக்கிறது.

அடுத்ததாக, ஒன்றும் பார்க்காத நாளைப் பதிவு செய்வது. இதை நாங்கள் முதலில் தவறவிட்டோம். ஓங்கில் பார்த்த நாள்களை மட்டும் குறிப்பேட்டில் எழுதச் சொன்னோம். ஒரு மாதத்தில் பதிவுகள் திடீரென்று கூடியபோது ஓங்கில்கள் பெருகி வந்திருப்பதாக எண்ணி மகிழ்ந்தோம். உண்மையில் அந்த மாதம் கடல் அமைதியாக இருந்ததால் அதிகப் படகுகள் போயிருந்தன, அவ்வளவுதான். பார்க்காத நாளையும் எழுதுங்கள் என்று கேட்டபோது, "பாக்காதத என்னத்துக்கு எழுதணும்?" என்று ஒருவர் வாதிட்டார். மீன் படாமல் வெறும் வலையோடு திரும்பிய நாள்களை விட்டுவிட்டுப் படகின் வருமானத்தைக் கணக்கிட முடியுமா என்று கேட்டேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்த வாரமே அவருடைய குறிப்பேட்டில், ஒன்றும் பார்க்காத நாள்களுக்கான வெற்று வட்டங்கள் வரிசையாக வந்தன. பார்த்ததற்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் முறையை நான் எதிர்ப்பதும் இதனால்தான். அது இல்லாத ஓங்கில்களைப் பிறப்பிக்கும். குறிப்பேட்டை ஒழுங்காக வைத்திருப்பதற்கு மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை கொடுப்பதே நேர்மையான வழி.

எல்லாவற்றையும் விடக் கடினமானது அச்சத்தைக் கையாள்வது. இந்தியக் கடல்களில் வாழும் திமிங்கலங்களும் ஓங்கில்களும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. வேட்டைக்கும், வலையில் தானாக வந்து சிக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை மீனவர் நம்பும்படி யாரும் எடுத்துச் சொன்னதில்லை. ஆகவே வலையில் ஓங்கில் இறந்து கிடந்தால், வலையை அறுத்து அதைக் கடலிலேயே விட்டுவிட்டு வாய் திறக்காமல் கரையேறுகிறார்கள். நாம் மிகவும் அறிய வேண்டிய தகவல் அப்படித்தான் மூழ்கிப் போகிறது. என் பிழை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வலையில் சிக்கிய ஓங்கிலின் படம் ஒன்றை நான் பகிர்ந்தபோது, படகின் பதிவெண் ஓரத்தில் தெரிந்ததைக் கவனிக்கவில்லை. படகுக்காரரைத் தேடி விசாரணைக்கு ஆள் வந்தது. வழக்கு எதுவும் பதியப்படவில்லை என்றாலும், அந்த ஊர் பல மாதங்கள் எங்களோடு பேசவில்லை. அதன்பின் ஊர்ப் பெயர், படகெண், ஆள் பெயர் எதுவும் குறிப்பேட்டை விட்டு வெளியே போகாது என்பதை ஊர்க் கூட்டத்தில் எழுதிக் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்கினோம்.

அச்சம் நீங்கினால் என்ன நடக்கும் என்பதற்குப் பாக் விரிகுடா சான்று. ஆவுளியா எனப்படும் கடற்பசு வலையில் சிக்கினால் உயிரோடு விடுவிக்கும் மீனவர்களுக்கு அங்கே ஊக்கத்தொகையும் பாராட்டும் கிடைக்கின்றன. கண்காணிப்பில் பங்கெடுக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கும் திட்டத்தை இந்திய வனவிலங்கு நிறுவனம் நடத்தியது. 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டபோது, அந்த ஊர்கள் அதற்குப் புதியவையாக இருக்கவில்லை.

பாகிஸ்தானிலும் நல்ல முன்மாதிரி உண்டு. உலக இயற்கை நிதியத்தின் பாகிஸ்தான் கிளை, சூரை மீன் பிடிக்கும் செவுள் வலைப் படகுகளின் தலைவர்களையே பார்வையாளர்களாகப் பயிற்றுவித்து, சிக்கியவற்றைப் பதிய வைத்தது. வலையை நீர்மட்டத்திலிருந்து சுமார் 2 மீட்டர் கீழே இறக்கி விரித்தால் ஓங்கில்கள் சிக்குவது வெகுவாகக் குறைகிறது என்பது அந்தப் பதிவுகளிலிருந்துதான் தெரிய வந்தது. கண்காணிப்பு வெறும் எண்ணிக்கையோடு நிற்காமல் வலை விரிக்கும் முறையையே மாற்றியதால், இதை நான் போகும் ஊர்களிலெல்லாம் சொல்கிறேன்.

கரையொதுங்கும் திமிங்கலங்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பகுதியில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரையேறின. நாற்பதுக்கும் மேற்பட்டவை இறந்தன. அதே மணப்பாட்டில் 1973 ஜனவரியில் 147 ஒதுங்கியதாகப் பதிவு இருக்கிறது. 2016-இல் அவற்றைத் திரும்பக் கடலுக்குள் கொண்டுபோக முதலில் இறங்கியவர்கள் அவ்வூர் மீனவர்களே. கூட்டமாக வாழும் இந்த இனம் தன் கூட்டத்தை விட்டுப் பிரிய மறுப்பதால், உள்ளே கொண்டுபோய் விட்டவையும் கரைக்குத் திரும்பக்கூடும். வாலைப் பிடித்து இழுக்காதிருப்பது, வயிறு கீழாக நிமிர்த்தி வைப்பது, தலைமேல் உள்ள மூச்சுத்துளையை மூடாமலும் அதற்குள் நீரோ மணலோ போகாமலும் உடல்மேல் ஈரத்துணி போர்த்துவது, உடனே வனத்துறைக்குச் சொல்வது ஆகியவற்றை ஊர் இளைஞர்களுக்கு முன்கூட்டியே பழக்கி வைத்திருக்க வேண்டும்.

நாங்கள் வெகு நாள்கள் கழித்தே கேட்கத் தொடங்கியவர்கள் பெண்கள். பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் தீவுகளைச் சுற்றிய ஆழமில்லாத நீரில் மணிக்கணக்கில் இருக்கிறார்கள். ஒதுங்கிய உடல்களையும் கரையோரம் வரும் கடற்பன்றிகளையும் அவர்கள் பார்க்கும் அளவுக்குப் படகில் போகும் ஆண்கள் பார்ப்பதில்லை.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் ஒரே ஊரில் பத்துப் படகுகளோடு தொடங்கி, வடகிழக்குக் காற்று வீசும் வாடைக்காலமும் தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலமும் அடங்கும்படி முழு ஓராண்டு செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏலம் முடிந்த நேரத்தில் ஏலக்கூடத்திலேயே உட்கார்ந்து, அவர்கள் எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். "அன்னைக்கு நான் பாத்தது கூட்டமா வந்துச்சு, நீங்க ஒண்ணுன்னு எழுதிருக்கீங்க" என்று யாராவது ஒருவர் அங்கே திருத்துவார். அந்தத் திருத்தத்தை அவர் முன்னிலையிலேயே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.