அப்பு கண்ட எமதூதர்: மூளையின் வேலையா, உயிர் போய் வந்ததா?

கேள்வி: "நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். அப்புவுக்கு இதயம் நின்று, டொக்டர்மார் மீட்டெடுத்தார்கள். கறுத்த ரெண்டு பேர் தன்னைக் கூட்டிக்கொண்டு போனதாகவும், ஏட்டைப் பார்த்த ஒருவர் 'இந்த ஆள் இல்லை' என்று திருப்பி அனுப்பியதாகவும் சொல்கிறார். இதற்கு விஞ்ஞான விளக்கம் இருக்கா, அல்லது உண்மையிலேயே உயிர் போய் வந்ததா?"

உங்கள் வீட்டில் ஒரு பக்கம் "எமன் விட்டிட்டான், நேர்த்தி வையுங்கோ" என்றும், மறுபக்கம் படித்த பிள்ளைகள் "மருந்து மயக்கத்தில அலட்டுறார்" என்றும் நிற்பார்கள் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு முதலில் சொல்கிறேன்: அலட்டல் வேறு, இது வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவில் வருகிற குழப்பம் நேரத்துக்கு நேரம் மாறும், நாளும் இடமும் பிடிபடாது, பிறகு கேட்டால் துண்டு துண்டாகத்தான் வரும். மரணவிளிம்பில் கண்டது கோர்வையாக இருக்கும், வருடக்கணக்கில் நிற்கும். நெதர்லாந்தில் பிம் வான் லொம்மல் குழுவினர் 10 ஆஸ்பத்திரிகளில் இதயம் நின்று மீண்ட 344 பேரிடம் கேட்டு 2001இல் வெளியிட்டார்கள். 62 பேர், அதாவது 18 வீதமானோர், இப்படி ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். ஆகவே அப்பு பொய் சொல்லவில்லை, அவருக்குப் பைத்தியமும் இல்லை.

இனி உடம்புக்குள் நடப்பது. இதயம் நின்று 10 முதல் 20 செக்கனுக்குள் நினைவு தப்பும், மூளை மின்வரைபும் தட்டையாகிவிடும். கண்ணுக்கு அதற்கு முன்னமே தட்டுப்பாடு வரும். கண் உருண்டைக்குள் தனியான ஓர் அமுக்கம் உண்டு. அதை மீறித்தான் இரத்தம் விழித்திரைக்குப் போகவேண்டும். இரத்த அமுக்கம் விழுந்தால் ஓரப் பார்வை முதலில் இருளும், நடுப்பார்வை கடைசியாகப் போகும். "இருட்டுக் குகை, முனையில் வெளிச்சம்" என்பது இதோடு நன்றாகப் பொருந்துகிறது. சுழல்பொறியில் வைத்துச் சுற்றிய போர்விமானிகளுக்கும், சாகும் ஆபத்து எதுவுமில்லாமலே, இந்தக் குகைப் பார்வையும் மிதப்பும் குட்டிக் கனவுகளும் வந்திருக்கின்றன. உடம்பை மேலே நின்று பார்ப்பதற்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. 2002இல் ஒலாஃப் பிளாங்கே குழு, வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணின் வலது காதுக்கு மேற்பின்புற மூளைப்பகுதியில் மின்சாரம் கொடுத்தபோது, அவர் தன்னைத்தானே மேலிருந்து கண்டார். 2013இல் ஜிமோ போர்ஜிகின் குழு எலிகளில் காட்டியது: இதயம் நின்ற முதல் 30 செக்கனில் மூளை ஒரு தரம் விறுவிறுப்பாக எரிந்துவிட்டுத்தான் அணைகிறது.

இவ்வளவும் சொன்னதால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதமாட்டேன். ஒட்சிசன் குறைவு மட்டும்தான் காரணம் என்றால் அந்த 344 பேருக்கும் வந்திருக்கவேண்டும். இதயம் எவ்வளவு நேரம் நின்றது, என்ன மருந்து ஏற்றினார்கள் என்பதோடும் வான் லொம்மல் தொடர்பு எதையும் காணவில்லை.

உயிர் வெளியே போனதென்று நிறுவ ஒரே வழி, கட்டிலில் கிடந்தபடி பார்க்கவே முடியாத ஒன்றை அவர் சரியாகச் சொல்வது. டொக்டர் சாம் பார்னியா இதை நேர்மையாகச் செய்து பார்த்தார். மேலே நின்று பார்த்தால் மட்டும் தெரியும்படி, உயரத்தில் பொருத்திய தட்டுகளில் படம் வைத்தார். 15 ஆஸ்பத்திரிகள், 2060 இதய நிறுத்தங்கள், 140 பேருடன் நேர்காணல். முடிவு 2014இல் வந்தது. ஒருவர் சொன்னது மட்டும் அறையில் நடந்ததோடு ஒத்துப்போனது. அவர் கிடந்த இடத்தில் தட்டு இல்லை. படத்தைக் கண்டவர் எவருமில்லை.

ஏட்டுக்கு வருவோம். பஸ்ரிச்சா, ஸ்டீவன்சன் என்ற ஆய்வாளர்கள் 1986இல் இந்தியாவில் திரட்டி வெளியிட்ட 16 சம்பவங்களில் அப்பு சொன்ன கதைதான் வருகிறது: தூதர் வருகிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள், ஆள் மாறிப்போச்சென்று திருப்பி விடுகிறார்கள். மேற்கு நாட்டார் சொல்வதில் இந்த ஆள்மாறாட்டம் அரிது. சித்திரைப் பறுவத்துக்குக் கோயிலில் எமனின் கணக்கரான சித்திரபுத்திரனார் கதை கேட்டு, கஞ்சி குடித்து வளர்ந்த மனிதருக்கு வேறெந்தக் கந்தோர் தெரியும்? அனுபவத்துக்கான உருவத்தை மனது தன் ஊரிலிருந்துதான் எடுக்கிறது. "தெய்வம் அவரவருக்குத் தெரிந்த உருவில்தான் வரும்" என்று ஒரு சைவர் பதில் சொன்னால் அதை எந்த ஆய்வாலும் மறுக்க ஏலாது. நான் மூளைப் பக்கம்தான் சாய்கிறேன். அதற்காக யாரும் என்னை நாத்திகன் என்று ஏச வரவேண்டாம்.

வன்னியில் இருப்பதால் இன்னொன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். "செத்துக் கிடந்து எல்லாத்தையும் கேட்டேன்" என்பவர் எட்டடி விரியன் என்கிற கட்டுவிரியன் கடித்தவராக இருந்தால், அது மரணவிளிம்பு அனுபவமே இல்லை. நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரை இரவில் கடிக்கும். வலி குறைவு, வீக்கமும் பெரிதாக இராது. பிறகு வயிற்றுநோ, இமை தொங்கும், விழுங்க ஏலாது, கடைசியில் மூச்சு நிற்கும். இந்த விசம் நரம்பு முனைகளைத்தான் கெடுக்கிறது, காதும் நினைவும் வேலை செய்துகொண்டே இருக்கும். ரோச் அடித்தாலும் கண்மணி சுருங்காமல் இருக்கலாம், பார்க்கிறவர்களுக்குப் பிணம் போலவே தெரியும். கெட்ட நரம்பு முனை திரும்ப வளர நாள் எடுக்கும், விசமுறிவு மருந்து அதை உடனே திருத்தாது. அதுவரை செயற்கைச் சுவாசம்தான் உயிர். ஆகவே பரியாரி வீட்டில் பார்வை பார்த்து நேரம் போக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பிறகு ஆறுதலாகப் பொங்கலாம். தலைமாட்டில் நின்று "இனி முடிஞ்சுது" என்று ஒப்பாரி வைப்பதும், காணி உறுதி யாரிடம் என்று கதைப்பதும் எவ்வளவு பெரிய கொடுமை! அவர் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டு கிடக்கிறார்.

அப்புவிடம் கேட்பதென்றால் இப்போதே, ஓர் ஆள் மட்டும் கேளுங்கள். "வெளிச்சம் கண்டீங்களோ" என்று எடுத்துக் கொடுத்தால் அடுத்த முறை கதையில் வெளிச்சம் சேர்ந்துவிடும். "என்ன ஞாபகம் இருக்கு, அப்பு?" என்று கேட்டுவிட்டு இடையில் பேசாமல் இருங்கள். ஃபோனில் குரலைப் பதிந்து, திகதியையும் எழுதி, ஆஸ்பத்திரி தந்த டயக்னோசிஸ் காட்டோடு வையுங்கள். மனநல மருத்துவர் புறூஸ் கிறேசன் 1983இல் ஆக்கிய அளவுகோலில் 16 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 புள்ளி. மொத்தம் 32இல் 7 அல்லது அதற்கு மேல் வந்தால் மரணவிளிம்பு அனுபவம் என்று எடுப்பார்கள். "செத்து எழும்பிய தாத்தா" என்று கமராவோடு வரும் யூடியூப் ஆட்களைப் படலையடியிலேயே திருப்பி அனுப்புங்கள். நோயாளியின் பயத்தை விற்றுக் காசு பார்க்கிறார்கள், எனக்கு அதில் தாங்கமுடியாத கோபம்.

எல்லாருக்கும் இது இனிமையாக முடிவதில்லை. அந்த ரெண்டு பேரும் திரும்ப வருவார்கள் என்று அப்பு இரவில் கண்மூடப் பயந்தால், அடுத்த கிளினிக்கில் பிறசர் குளிசையைப் பற்றிக் கேட்கும்போதே இதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.