ஆக்சியாவா, பெசாவா, சாகாவா? பட்டறையிலிருந்து சில பதில்கள்

பெஸ்தாரி ஜெயாவில் 22 வருடமாகக் காடி ரிப்பேர் செய்கிறேன். பழைய ஆட்கள் இந்த ஊரை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். வேலைக்குப் போய்வர சின்னக் காடி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கலாம் என்று போன வாரம் சொன்னேன், கேள்விகள் நிறைய வந்துவிட்டன. பெரோடுவாவின் ஆக்சியா, பெசா, புரோட்டோனின் சாகா எல்லாம் விலையில் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன, அதனால் நீங்கள் தினமும் எந்த ரோட்டில் ஓடுகிறீர்கள், கூட யார் ஏறுகிறார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அது தெரியாமல் நான் எதையும் கைகாட்ட மாட்டேன்.

அண்ணே, ஈஜோக்கில் லாத்தார் நெடுஞ்சாலை ஏறி ரவாங்குக்கு வேலைக்குப் போகிறேன். போக வர 60 கிலோமீட்டர், தனி ஆள். ஆக்சியாவா, 1.3 லிட்டர் எஞ்சின் பெசாவா?

உனக்கு ஆக்சியா போதும் தங்கச்சி, ஆனால் 2023-இல் வந்த புது ஆக்சியா. அதில் டி-சிவிடி கியர் இருக்கிறது, அதாவது படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு மாறும் ஆட்டோ கியர், பெசாவில் பழைய நான்கு கியர் ஆட்டோதான். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது சிவிடி எஞ்சினைக் குறைந்த சுற்றில் வைத்துக்கொள்ளும், நான்கு கியர் காடி 110-இல் சத்தம் போட ஆரம்பிக்கும், எண்ணெயும் கூடத் தின்னும். கணக்குப் போட்டுப் பார். மாதம் 26 நாள் என்றால் 1,560 கிலோமீட்டர். ஒரு காடி லிட்டருக்கு 18 ஓடி, இன்னொன்று 14 ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 25 லிட்டர் வித்தியாசம், லிட்டர் 1.99 என்று வைத்தால் 49 வெள்ளி. ரோட் டேக்ஸும் 1.0 லிட்டர் ஆக்சியாவுக்கு வருடம் 20 வெள்ளி, பெசா 1.3-க்கு 70.

ஆனால் ஒன்று, ஆக்சியாவில் 67 குதிரைசக்திதான், பெசா 1.3-இல் 94. ஈஜோக் போகிற வரைக்கும் இருவழிச் சாலை, முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி தள்ளாடிக்கொண்டு போகும். ஏர்கான் போட்டு நாலு பேரை ஏற்றிக்கொண்டு அதை முந்தப் பார்த்தால் ஆக்சியா திணறும். தனி ஆள் என்றாயே, அதனால்தான் ஆக்சியா என்றேன். நாளைக்குக் கூட வேலை செய்கிற மூன்று பேரை ஏற்றிக்கொள்வதாக இருந்தால் இந்தப் பதில் மாறிவிடும், அப்போது பெசா 1.3 எடு.

வீடு தோட்டத்துக்குள்ளே, 4 கிலோமீட்டர் செம்மண் ரோடு. எது தாங்கும்?

உயரத்தில் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான், டயரைப் பாருங்கள். 14 இன்ச் ரிம்மில் தடித்த பக்கச்சுவர் உள்ள டயர் குழியைத் தாங்கும், அழகுக்காக 15, 16 இன்ச் மெல்லிய டயர் மாட்டினால் ரிம் வளையும். போன மாதம் ஒரு டயரைக் கழற்றி உள்ளே கைவிட்டுத் தடவினேன், செம்பனை மட்டை முள் ஊசி மாதிரி உள்ளே நீட்டிக்கொண்டு நின்றது, விரலில் குத்தி ரத்தம் வந்தது. வெளியே பார்த்தால் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. காற்று மெதுவாக இறங்குகிறது என்றால் மட்டை முள்ளைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். அப்புறம் ஏர் பில்டர். கையேட்டில் உள்ள தூரம் தார் ரோட்டுக்கு, செம்மண் தூசியில் ஓடுகிறவர்கள் அதில் பாதியிலேயே திறந்து பார்க்க வேண்டும். தோட்டத்தில் எலித் தொல்லையும் உண்டு, வயரைக் கடித்துவிடும். வாரம் ஒருமுறையாவது பானட்டைத் திறந்து பாருங்கள்.

விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன் தம்பி. பெரிய பானைகள் ஏற்ற வேண்டும்.

அக்கா, பூட் அளவு பெசாவில் 508 லிட்டர், முந்தைய சாகாவில் 420, பெரோடுவா மைவியில் 277, புது ஆக்சியாவில் 265. எண்ணைப் பார்த்தால் பெசாதான். ஆனால் செடான் பூட்டின் வாய் சின்னது, உள்ளே இடம் இருந்தும் பானை நுழையாது. உங்களுடைய பெரிய பானையையே கடைக்கு எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். நுழையவில்லை என்றால் மைவியில் பின்சீட்டை மடித்துக்கொள்வதுதான் உங்களுக்குச் சரி.

2018 சாகா 1.3 ஒன்று மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

எடுக்கலாம், உறுதியான காடி. ஆனால் அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட், பெசாவில் செயின். பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். மாற்றிய ரசீதைக் கேளுங்கள், ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

பழைய காடி வெள்ளத்தில் மூழ்கியதா என்று எப்படித் தெரியும்?

2021 டிசம்பரில் ஷா ஆலம் பக்கம் எத்தனை காடி மூழ்கியது என்று நாம் பார்த்தோம். சீட்டு பெல்ட்டை முழுக்க, கடைசி வரைக்கும் இழுங்கள். கார்பெட்டைக் கழுவுவார்கள், சீட்டை மாற்றுவார்கள், பெல்ட்டின் அடிப்பகுதியை யாரும் கழுவ மாட்டார்கள். சேற்றுக் கோடு இருந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

22,000 வெள்ளிக்கு வந்த ஆக்சியா இ மாடலை வாங்கலாமா?

பழைய உடம்பு, மேனுவல் கியர். மேனுவல் ஓட்டத் தெரிந்தால் தாராளமாக வாங்கலாம்.

மகனுக்கு முதல் காடி. யார் பெயரில் வாங்குவது?

மகன் பெயரில் வாங்கினால் இன்சூரன்ஸ் என்சிடி, அதாவது கிளைம் செய்யாதவர்களுக்குக் கிடைக்கிற கழிவு, பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். கிளைம் செய்யாமல் ஒரு வருடம் ஓட்டினால் 25 சதவீதம், ஐந்து வருடத்தில் 55. உங்கள் 55 ஒரு நேரத்தில் ஒரு காடிக்குத்தான் செல்லும், நீங்கள் ஓட்டும் பழைய காடியில் அது இருக்கிற வரை புதுக் காடிக்கு வராது. அதனால் அவன் பெயரிலேயே வாங்குங்கள் அண்ணே. முதல் வருடம் காசு கூடத்தான் கட்டுவான், ஆனால் அன்றிலிருந்தே அவனுக்கென்று என்சிடி ஏற ஆரம்பித்துவிடும். நீங்களும் அந்தக் காடியை ஓட்டுவீர்கள் என்றால் பாலிசியில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.