வகுப்பில் ஓயாமல் எழுந்து நிற்பவர்கள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வகுப்பில் முதல் பெஞ்ச் பையன் ஒருவன், சி புரோகிராமிங் சாரை ஒரு வாக்கியம்கூட முழுசாகப் பேச விடுவதில்லை. போன வாரம் பாயின்டர் ஆரம்பித்தார். போர்டில் 'வாய்ட் மெயின்' என்று எழுதியதுமே எழுந்து, "சார், அது தப்பு, ஸ்டாண்டர்டுல இன்ட் மெயின்தான்" என்றான். சார் ஏதோ சொல்ல, இவன் மறுக்க, பாதி பீரியட் போய்விட்டது. பாயின்டர் எனக்கு இன்னும் புரியவில்லை. நான் தமிழ் மீடியத்தில் படித்தவன். அவன் கேட்கிற மாதிரி கேட்டால்தான் கேள்வி போல, "புரியலை சார்" என்று எழுந்து சொல்லவே பயமாக இருக்கிறது. அவனை எப்படி நிறுத்துவது?
- பெயர் வேண்டாம், சேலம் மாவட்டம்

பதில்: தம்பி, அவனை விடுங்கள், முதலில் உங்கள் பயத்தைப் பற்றிப் பேசுவோம். "புரியலை சார்" என்பதைவிட நல்ல கேள்வி ஒரு வகுப்பில் கிடையாது. அதைக் கேட்கப் பயந்து பத்துப் பேர் தலையைக் குனிந்துகொண்டிருக்கும்போது, ஒருவன் மட்டும் மணிக்கு இருபது கேள்வி கேட்டாலும் அங்கே எல்லோரும் தாராளமாகச் சந்தேகம் கேட்கிறார்கள் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வகுப்பு நேரம் அறுபது பேருக்கும் பொது. அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

சரி, அந்தப் பையன். அவன் சொன்ன விஷயம் சரிதான். சி மொழியின் தரநிலைப்படி, புரோகிராம் ஓடத் தொடங்கும் இடமான மெயின் ஒரு இன்ட் மதிப்பை, அதாவது ஒரு முழு எண்ணைத் திருப்பித் தர வேண்டும், புரோகிராம் ஒழுங்காக முடிந்தால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குப் பூஜ்யம் போய்ச் சேரும். நம் ஊரில் ஒரு தலைமுறை ஆசிரியர்கள், போர்லாண்ட் நிறுவனம் 1987இல் கொண்டுவந்த டர்போ சி கம்பைலர் வரிசையில்தான் சி படித்தார்கள். அது எதையும் திருப்பித் தராத வாய்ட் மெயினை ஏற்றுக்கொள்ளும், அதனால் அதுவே கைப்பழக்கம் ஆகிவிட்டது. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். "சரிப்பா, இன்ட் மெயின்தான் முறை, மாத்திக்கோங்க" என்று சார் போர்டில் திருத்திவிட்டுப் போயிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவர் பிடி கொடுக்கவில்லை, இவன் விடவில்லை, நடுவில் மாட்டிக்கொண்டது நீங்கள்.

ஆனால் அன்றைய பாடம் பாயின்டர், அதாவது மெமரியில் இன்னொரு மதிப்பு இருக்கும் இடத்தின் முகவரியை வைத்துக்கொள்ளும் வேரியபிள். மெயின் எதைத் திருப்பித் தந்தாலும், ஒரு வேரியபிளின் முகவரியை எப்படி எடுப்பது, அந்த முகவரியில் இருக்கிற மதிப்பை எப்படிப் படிப்பது என்பதில் எதுவும் மாறப்போவதில்லை. அதே பையன் எழுந்து, "சார், பி-ங்கற பாயின்டரோட ஒண்ணு கூட்டினா அட்ரஸ்ல ஒண்ணு கூடாம ஏன் நாலு கூடுது? புக்ல ரெண்டுன்னு போட்டிருக்கே?" என்று கேட்டிருந்தால் அவனைப் பாராட்டியிருப்பேன். டர்போ சியில் இன்ட்டுக்கு 2 பைட், இப்போது நீங்கள் லேபில் ஓட்டும் ஜிசிசி கம்பைலரில் பொதுவாக 4 பைட், பாயின்டரில் ஒன்று கூட்டினால் அது சுட்டிக்காட்டும் வகையின் அளவுக்கு நகரும். இந்தப் பதிலை ஒரு தடவை கேட்டால் பாதி வகுப்புக்குப் பாயின்டர் பிடிபட்டுவிடும். இதுவும் நுணுக்கமான கேள்விதான், இதிலும் புத்தகத்தில் இருப்பதைத்தான் நோண்டுகிறான், ஆனால் பதில் வந்ததும் பாடம் ஒரு படி மேலே போகிறது. நான் பார்ப்பது அதைத்தான். கேள்வி சரியா தப்பா என்பதெல்லாம் எனக்கு அப்புறம்.

நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. அவன் எழும்போது உச்சுக் கொட்டுவது, பின்னாலிருந்து கத்துவது, வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்டிக்கர் செய்து போடுவது இதெல்லாம் வேண்டாம். அது அவனை நிறுத்தாது, ஆனால் நாளைக்கு எழுந்து நிற்க நினைக்கிற இன்னொருவர் அதைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அந்த இன்னொருவர் நீங்களாகவே இருக்கலாம். அதற்குப் பதில் கேன்டீனில் தனியாகப் பிடித்து, "நீ சொன்னது சரிதான்டா, ஆனா அதுல பாதி பீரியட் போச்சு, எனக்குப் பாயின்டர் சுத்தமா புரியல. அந்த மாதிரி விஷயத்தைக் கிளாஸ் முடிஞ்சதும் கேளேன், நானும் கூட வந்து நிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். இப்படிப்பட்ட பையன்களிடம் பெரும்பாலும் யாருமே நேராகப் பேசியிருக்க மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான் பேசியிருப்பார்கள். அப்படியே உங்களுக்குப் பாயின்டர் சொல்லித்தரச் சொல்லுங்கள், சந்தோஷமாகச் சொல்லித்தருவான்.

இரண்டாவது, அடுத்த முறை விவாதம் எங்கேயோ போகும்போது நீங்களே கை தூக்கி, "சார், அந்த மூணாவது லைனை இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்று கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள், தப்பே இல்லை. பாடத்துக்குத் திரும்ப அந்த சாரும் ஒரு வழி தேடிக்கொண்டுதான் இருப்பார். இதற்கும் மேலே போனால், அண்ணா பல்கலைக்கழக விதிமுறைப்படி ஒவ்வொரு வகுப்புக்கும் கிளாஸ் கமிட்டி உண்டு, மாணவர் பிரதிநிதிகளும் அதில் உட்காருவார்கள். அங்கே அவன் பெயரை இழுக்காமல், "சந்தேகம் கேட்கக் கடைசியில் தனியாக நேரம் வேண்டும்" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் இளம் விரிவுரையாளர். என் வகுப்பில் ஒரு மாணவி எதற்கெடுத்தாலும் குறுக்கிடுகிறார். தடுத்தால் ஆர்வத்தைக் கொன்ற பாவம், விட்டால் சிலபஸ் முடியாது. மற்றவர்களிடம் "டவுட் இருக்கா?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.
- விரிவுரையாளர், ஈரோடு

பதில்: இதைக் கட்டுப்படுத்த வேண்டியவர் நீங்கள்தான் சகோதரி, மற்ற மாணவர்கள் அந்த வேலையைக் கையில் எடுத்தால் அது கேலியாகத்தான் முடியும். போர்டின் ஓரத்தில் ஒரு கட்டம் போடுங்கள். பாடத்துக்கு வெளியே போகிற கேள்வியை அவர் கண் முன்னாலேயே அதில் எழுதி, "கடைசி அஞ்சு நிமிஷத்துல பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். சொன்னபடி கடைசியில் அதற்கு வந்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். ரெண்டு நாள் மறந்தீர்கள் என்றால் மூன்றாவது நாள் அவர் மறுபடி நடுவிலேயே எழுந்துவிடுவார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

அப்புறம் அந்த "டவுட் இருக்கா?". கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் இதையே ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று வினாடிக்கு நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள், மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் கூடுகின்றன என்று கண்டார். ஒரு வினாடியில் எழுந்து நிற்கக்கூடியவர் அந்த மாணவி ஒருவர்தான். மற்றவர்கள் மனதுக்குள் வாக்கியத்தைக் கோத்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, தைரியம் வரவழைத்துக்கொள்வதற்குள் நீங்கள் அடுத்த தலைப்புக்குப் போயிருப்பீர்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். "இதுவரை கேட்காத ஒருத்தர்" என்று சொல்லிவிட்டு எண்ணினால் இன்னும் நல்லது.

கேள்வி: நான் பி.எஸ்சி. இயற்பியல் முதலாம் ஆண்டு. வகுப்பில் நிறையக் கேள்வி கேட்பவள் நான்தான். நான் எழுந்தாலே பின்னால் பெருமூச்சு கேட்கிறது. கேட்பதையே நிறுத்திவிடலாமா?
- மாணவி, தென்காசி

பதில்: நிறுத்தவே நிறுத்தாதீர்கள் கண்ணு. ஆறு வகை வினா என்று பள்ளியில் தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நன்னூல் சொல்கிற அந்த ஆறில் முதல் இரண்டு அறிவினா, அறியா வினா. விடை தெரிந்தும் மாணவரைச் சோதிக்க ஆசிரியர் கேட்பது முதல் வகை, தெரியாததைத் தெரிந்துகொள்ள மாணவர் கேட்பது இரண்டாவது. எழுவதற்கு முன்னால், நாம் கேட்கப்போவது இதில் எது என்று மட்டும் பாருங்கள். விடை உங்களுக்கே தெரியும், சார் சொன்னதில் ஒரு சொல் பிசகியதைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றால் அதை ஸ்டாஃப் ரூமில் போய்ச் சொல்லுங்கள், அவரும் அங்கே பொறுமையாகக் கேட்பார். ஆனால் அவர் போர்டில் ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டார், மொத்த வகுப்பும் தப்பாக எழுதிக்கொண்டிருக்கிறது என்றால் காத்திருக்காமல் உடனே சொல்லிவிட வேண்டும்.

நிஜமாகவே தெரியாததை நோட்டு ஓரத்தில் எழுதி ஐந்து நிமிடம் பொறுங்கள். பல கேள்விக்கு அவரே அடுத்த வரியில் பதில் சொல்லிவிடுவார், அதை அடித்துவிடலாம். மிச்சம் இருப்பதை எழுந்து கேளுங்கள், யார் பெருமூச்சு விட்டாலும் சரி. "நான் ஒரு புத்தகத்தில் படித்தேன், அதில் என்ன போட்டிருந்தது என்றால்" என்று ஆரம்பிக்காமல், எது புரியவில்லையோ அதை நேராக ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டு உட்காருங்கள்.