ஒன்பதாம் மணி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். போன வாரம் வகுப்பில் 'நூன்' என்ற சொல் வந்தது. லத்தீனில் ஒன்பதாவது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாக அகராதியில் போட்டிருந்ததால் அதையும் சேர்த்துச் சொன்னேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "பன்னெண்டு மணிக்கு எதுக்கு டீச்சர் ஒம்பதுன்னு பேரு? தப்பா வச்சிட்டாங்களா?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பழைய ஆங்கிலத்தில் அது 'நோன்' என்றுதான் இருந்தது, நம்முடைய நோன்புதான் அங்கே போயிருக்கிறது என்கிறார் உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர். பையனிடம் அப்படிச் சொல்லலாமா?

இன்னொன்று. எங்கள் சபை நோட்டீஸில் பெரிய வெள்ளி ஆராதனை '12 பி.எம்.' என்று அச்சாகி, அது சரியா தப்பா என்று பெரிய விவாதமே நடந்தது. அதற்கும் ஒரு வரி எழுதுங்கள்.

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையனுக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அகராதியைப் புரட்டுகிற பெரியவர்கள் பலரும் தாண்டிப் போய்விடுகிற இடத்தில் அவன் நின்று கேட்டிருக்கிறான். பெயரைத் தப்பாக வைக்கவில்லை. வைத்தபோது அது மூன்று மணியின் பெயர். பிறகு பெயர் அப்படியே இருக்க, அது குறித்த நேரம் இடம்பெயர்ந்துவிட்டது.

ரோமானியர்கள் பொழுது விடிந்ததிலிருந்து அடைகிறவரை உள்ள பகலைப் பன்னிரண்டு பங்காக்கினார்கள். ஆறாம் மணியில் சூரியன் உச்சிக்கு வரும். ஒன்பதாம் மணி என்பது இன்றைய கணக்கில் சுமாராகப் பிற்பகல் மூன்று. அதுதான் 'ஹோரா நோனா'. இதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு லத்தீன் வேண்டியதில்லை, வீட்டில் இருக்கும் தமிழ் வேதாகமமே போதும். திராட்சத் தோட்டத்துக்குக் கூலியாள் அழைத்த உவமையில் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, பதினோராம் மணி என்று வரிசையாக வருகிறது அல்லவா? பதினோராம் மணிக்கு வந்தவன் பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும்போது வந்தவன். பேதுருவும் யோவானும் ஜெபவேளையான ஒன்பதாம் மணிக்கு ஆலயத்துக்குப் போனதும் இந்தக் கணக்கில்தான். சிலுவைப்பாட்டின்போது ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணி வரைக்கும் பூமியெங்கும் அந்தகாரம் உண்டானது என்று இருப்பதும் அப்படியே.

உங்கள் சபையில் பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனை ஏன் பன்னிரண்டுக்குத் தொடங்கி மூன்றுக்கு முடிகிறது என்பதற்கும் இதுதான் காரணம். ஆறாம் மணியிலிருந்து ஒன்பதாம் மணி வரை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் தியானித்து முடிக்கும்போது நீங்கள் வந்து சேர்கிற அந்த மூன்று மணிதான் பழைய 'நூன்'. ஆராதனை தொடங்குகிற நேரம் இன்றைய 'நூன்'. அந்தச் சொல் தன் வாழ்நாளில் பின்னோக்கி நடந்த தூரம் முழுவதும் ஆண்டுக்கொரு முறை உங்கள் கோயிலுக்குள்ளேயே கடந்துபோகிறது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இதை நினைத்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

சரி, மூன்றிலிருந்து பன்னிரண்டுக்கு எப்படி வந்தது? மடத்துச் சமையலறை வழியாக வந்தது என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்லும் விளக்கம். எனக்கும் அதுதான் ஏற்புடையது.

6-ம் நூற்றாண்டில் இத்தாலியின் மோன்தே கசீனோ மடத்தில் பெனடிக்ட் தம் துறவியருக்கு ஒரு விதிநூல் எழுதினார். நம் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று கும்பிடுகிற அதே பெனடிக்ட். மேற்கு ஐரோப்பாவின் மடங்கள் பலவும் பல நூற்றாண்டுகள் அந்த நூலைப் பின்பற்றித்தான் நாளைக் கழித்தன. நாள் முழுக்க மணியடித்து ஜெபம். ஒன்பதாம் மணி ஜெபத்துக்கு 'நோனா' என்றே பெயர். சாப்பாட்டு நேரம் அந்நூலின் 41-ம் அத்தியாயத்தில் வருகிறது. ஈஸ்டர் முடிந்த நாட்களில் ஆறாம் மணிக்கே சாப்பிடலாம். செப்டம்பர் நடுவிலிருந்து தவக்காலம் தொடங்கும்வரை ஒன்பதாம் மணிக்குத்தான். தவக்காலத்தில் அந்தி ஜெபம் ஆன பிறகுதான். ஆக, வருஷத்தில் ஏறக்குறைய ஐந்து மாதம் நோனா ஜெபம் முடிந்தால்தான் அவர்களுக்குச் சோறு. நாளின் ஒரே சாப்பாடும் அதுதான்.

விடியுமுன் எழுந்து, ஜெபித்து, தோட்டத்தில் மண் கொத்திவிட்டு, மூன்று மணி வரை வெறும் வயிற்றோடு ஒரு மணியோசைக்குக் காத்திருக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். மணியடிப்பவரும் அவர்களில் ஒருவர். கையில் கடிகாரம் கிடையாது. மேகம் மூடிய நாளில் நிழற்கடிகாரமும் உதவாது. ஜெபம் சற்று முன்னால் நடந்தால் சாப்பாடும் முன்னால் வரும். அவசரத்தில் செய்த குற்றமாகவும் இதைப் பார்க்க வேண்டியதில்லை. கோடையில் வேலை மிகுதியான காலத்தில் நோனாவைக் கொஞ்சம் முன்னதாக, எட்டாம் மணியின் பாதியிலேயே சொல்லிவிடலாம் என்று பெனடிக்டே 48-ம் அத்தியாயத்தில் அனுமதித்திருக்கிறார். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தவர் அவர்தான்.

வடக்கே போனால் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. பகலைத்தானே பன்னிரண்டாகப் பங்கு போட்டார்கள், பகல் சுருங்கினால் மணியும் சுருங்கும். உங்கள் ஊரில் வருஷம் முழுக்க ஒன்பதாம் மணி ஒரு கால் மணி நேரம் முன்பின்னாகும், அவ்வளவுதான். லண்டனில் டிசம்பர்க் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்கூடத் தேறாது. அந்தக் கணக்கில் ஒன்பதாம் மணி இரண்டு மணிக்குச் சற்று முன்பே வந்துவிடும். ஜூனிலோ நான்கைத் தாண்டிப் போகும். இவ்வளவு ஆடுகிற ஒரு சொல்லை எந்தப் பக்கமும் இழுக்கலாம். பசி ஒரே பக்கமாக இழுத்தது.

இது நடந்துகொண்டிருந்த காலத்துக்கு நல்ல சாட்சி ஒருவர் இருக்கிறார், இத்தாலியக் கவிஞர் தாந்தே. 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'கொன்வீவியோ'வில், நாளின் மணிகளில் ஆறாம் மணியே உயர்ந்தது, அதனால் திருச்சபை தன் ஜெபங்களை முடிந்த அளவு அதன் அருகே இழுத்துக்கொள்கிறது, ஆகவே நோனா ஏழாம் மணி தொடங்கும்போது ஒலிக்க வேண்டும் என்கிறார். ஏழாம் மணியின் தொடக்கம் என்றால் சரியாக உச்சிப்பொழுது. ஒன்பது பன்னிரண்டாகிவிட்டதை அவர் குறையாகச் சொல்லவில்லை, அதற்கு ஒரு தத்துவமே கண்டுபிடித்துவிட்டார். இங்கிலாந்திலும் அந்த நூற்றாண்டுக்குள் 'நூன்' பன்னிரண்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. இயந்திரக் கடிகாரங்கள் பரவியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். சால்ஸ்பரி பேராலயத்தில் 1386-ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் பழைய கடிகாரம் இன்னும் இருக்கிறது. அதற்கு முகமே கிடையாது, முள்ளும் கிடையாது. மணியடிக்க மட்டும்தான் தெரியும். 'க்ளாக்' என்ற சொல்லுக்கே மூலப்பொருள் மணி என்பதுதான். நாமும் "மணி என்ன?" என்றுதானே கேட்கிறோம்? காலத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் எல்லா ஊர்களிலும் காதால்தான் கேட்டிருக்கிறார்கள்.

இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். நான் வளர்ந்தது கோபிப் பக்கம். வாய்க்கால் பாசனம், நெல் வயல். டவுனிலிருந்து பகல் பன்னிரண்டுக்குச் சங்கு ஊதும். என் அத்தை நடவுக்குப் போகும்போது பள்ளி விடுமுறையில் நானும் வரப்பில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் சங்குச் சத்தம் கேட்டதும் அத்தை நிமிர்ந்து, சேற்றில் விழுந்த தன் நிழலைப் பார்த்தாள். கையில் பாதி முடி நாற்று. "நெழலு இன்னும் மேக்கால கெடக்குது, அதுக்குள்ளார சங்கூதிப் போட்டான்" என்றாள். ஆனாலும் நாற்றைக் கீழே வைத்துவிட்டுக் கால் கழுவப் போனாள். வரிசையில் நின்ற எல்லோரும் கரையேறித் தூக்குப்போசியைத் திறந்தார்கள். சங்கு தவறவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது. கோபி அதற்கு ஐந்து பாகை மேற்கே. எங்கள் ஊரில் எந்த நாளிலும் பன்னிரண்டு அடிக்கும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்காது. பிப்ரவரியில் அரை மணி நேரத்துக்கும் மேல் தாமதம். அத்தையின் நிழல் சொன்னது சரி. ஆனால் அவள் சாப்பிட்டது சங்கைக் கேட்டு.

'நூன்' என்ற சொல்லுக்கு நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். முதலிலிருந்தே அது சூரியனுக்கு வைத்த பெயராக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஜெபத்தின் பெயராக வந்து, சாப்பாட்டின் பெயராக ஆனது. சாப்பாடு போன இடத்துக்குக் கூடவே போனது. இடைக்கால ஆங்கிலத்தில் 'நோன்ஷெங்க்' என்று ஒரு சொல் உண்டு. நோன் வேளையில் ஊற்றிக்கொடுக்கும் பானம். அது பிறகு 'நன்ச்சன்' ஆகி, வேலையாட்களுக்கு நடுப்பகலில் கொடுக்கும் சிற்றுண்டியைக் குறித்தது. 'லஞ்ச்சன்' என்ற சொல்லின் வடிவத்தில் அதன் சாயல் இருக்கிறது என்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். அதே லத்தீன்சொல் கடல் தாண்டி அயர்லாந்துக்கும் போனது. ஐரிஷ் மொழியில் 'த்ரா-நோனா' என்றால் நோனா வேளை. அந்த வேளை இன்று பிற்பகலும் சாயங்காலமும். வெல்ஷ் மொழியில் பிற்பகலுக்கு 'ப்ரின்ஹவுன்' என்பார்கள், அதன் கடைசியில் ஒட்டியிருப்பதும் இந்த நோனாதான். ஆங்கிலத்துக்கு அண்டை வீட்டு மொழிகள் இவை. அங்கே சொல் மூன்று மணிப் பக்கமே தங்கிவிட்டது, அயர்லாந்தில் இன்னும் கொஞ்சம் பொழுது சாய்ந்தும் போனது. ஸ்பெயினில் ஆறாம் மணிக்கான சொல்லோ எதிர்த்திசையில் கிளம்பியது. பெனடிக்டின் அதே 48-ம் அத்தியாயத்தில், கோடையில் ஆறாம் மணிக்குப் பின் சாப்பிட்டுவிட்டுத் துறவிகள் அவரவர் படுக்கையில் பேசாமல் ஓய்வெடுக்கலாம் என்று இருக்கிறது. அந்த 'செக்ஸ்தா' மணிதான் 'சியெஸ்தா' ஆகி, மத்தியானத் தூக்கத்தின் பெயரானது.

'மத்தியானம்' என்று எழுதும்போதே அதையும் சொல்லிவிடுகிறேன். மத்தியான்னம் என்றால் பகலின் நடு. ஆனால் "மத்தியானம் மூணு மணிக்கு வாரேன்" என்று நீங்களும் சொல்வீர்கள், நானும் சொல்வேன், யாருக்கும் உறுத்தாது. ஆங்கிலக்காரன் மூன்றைப் பன்னிரண்டுக்கு இழுத்தான், நாம் பன்னிரண்டை மூன்று வரைக்கும் நீட்டினோம். நம் இலக்கணம் சொல்லும் நண்பகலும் ஒரு புள்ளி இல்லை, பத்து நாழிகை கொண்ட சிறுபொழுது. பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை. பாலைத்திணைக்கு வேனிலையும் நண்பகலையும் கொடுத்தவர்கள், வெயில் ஏறி நிற்கிற அந்த நான்கு மணி நேரத்தையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

இப்போது நோன்பு. உங்கள் நண்பர் ஆசையோடு சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் மணி வரை உபவாசம் இருந்தார்கள் என்பதும் சேர்ந்துவிட்டால் அந்த ஆசை இன்னும் வலுக்கும். ஆனால் தயவுசெய்து பையனிடம் அப்படிச் சொல்ல வேண்டாம். நோன்பு நம்முடைய 'நோல்' என்ற வினையிலிருந்து பிறந்தது. நோற்றல் என்றால் பொறுத்தல், தவம் செய்தல். அதில் எண் எதுவும் இல்லை. இங்கிலாந்தின் 'நோன்' ஒன்பது என்ற எண்ணிலிருந்து வந்தது. ஓசை ஒன்றுபோல இருப்பது தற்செயல். அழகான தற்செயல்தான், ஆனால் தமிழுக்குப் பெருமை சேர்க்க இப்படியொரு பொய்க்கால் தேவையில்லை. நோற்றல் என்ற சொல்லுக்கு உள்ள ஆழத்தைச் சொன்னாலே பிள்ளைகள் வியப்பார்கள்.

பையனுக்கு ஆங்கிலம் அந்நியமாகத் தெரிந்தால், அவன் பள்ளிச் சத்துணவுக்கூடத்தைக் காட்டுங்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டத்துக்கு ஆங்கிலக் கோப்புகளில் 'நூன் மீல்' என்றே பெயர். ஆங்கிலமே படிக்காத ஊர்களிலும் "நூன் மீல் ஆபீசர் வந்திருக்காங்க" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மடத்துத் துறவிகளைப் போலவே நம் பிள்ளைகளுக்கும் அந்தச் சொல் தட்டோடும் மணியோசையோடும் சேர்ந்துதான் வந்திருக்கிறது.

நோட்டீஸ் விஷயம். 'பி.எம்.' என்பது உச்சிப்பொழுதுக்குப் பின் என்பதன் லத்தீன் சுருக்கம், 'ஏ.எம்.' அதற்கு முன். பன்னிரண்டு என்பது உச்சியேதான், அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பழக்கத்தில் பகல் பன்னிரண்டை '12 பி.எம்.' என்று போடுவது பரவியிருக்கிறது, உங்கள் சபையார் செய்ததை யாரும் பிழை என்று சொல்ல முடியாது. ஆனாலும் குழப்பம் வருகிறது. அடுத்த வருஷம் 'நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை' என்று அச்சடிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.