குளூட்டரால்டிஹைடா, ஓபிஏவா?

கேள்வி: அக்கா, எண்டோஸ்கோப்பி ரூம்ல ஸ்கோப் (உடம்புக்குள்ள விட்டுப் பாக்குற கேமரா குழாய்) கழுவுற வேலை எனக்கு, நாலு வருஷமாச்சு. அதை ஊற வெக்கிற கிருமிநாசினி குளூட்டரால்டிஹைடு, அந்த ட்ரேயைத் தொறந்தாலே கண்ணு எரியுது, மூக்கு ஒழுகுது, இப்ப ராத்திரி இருமலும் சேர்ந்துடுச்சு. ஓபிஏன்னு (ஆர்த்தோ-தாலால்டிஹைடு) வேற கிருமிநாசினிக்கு மாத்தப் போறோம், அதுல வாசமே இல்ல, ஒண்ணும் பண்ணாதுன்னு இன்சார்ஜ் சொல்றாங்க. நம்பலாமா? - ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தங்கச்சி, லீவு நாள்ல அந்த இருமல் குறையுதான்னு மொதல்ல பாருங்க. குறைஞ்சா அது வேலையால வர்ற ஆஸ்துமாவா இருக்கலாம், தள்ளிப் போடாம நுரையீரல் டாக்டர்கிட்ட போங்க. நானும் ஆபரேஷன் தியேட்டர்ல வருஷக்கணக்கா நின்னவதான், என்கூட இருந்த ஒரு சிஸ்டர் பழகிடும் பழகிடும்னு சொல்லியே கடைசில இன்ஹேலர் இல்லாம ட்யூட்டிக்கு வர முடியாத நிலைக்குப் போயிட்டாங்க, இன்னும் எனக்கு மனசு ஆறல. இது பழகுற சமாச்சாரமே இல்லம்மா, உடம்புக்கு ஒருதடவை ஒத்துக்காமப் போச்சுன்னா அப்புறம் துளி ஆவி பட்டாலும் இழுப்பு வரும்.

குளூட்டரால்டிஹைடு வேலைக்கு நல்ல மருந்துதான், இல்லன்னு சொல்லல. 2% கரைசல் காசநோய்க் கிருமி வரைக்கும் கொல்லும், 10 மணி நேரம் ஊறினா ஸ்போரும் (சில கிருமிங்க எடுக்கிற, லேசுல சாகாத விதை மாதிரி வடிவம்) சாகும், லென்ஸ் ரப்பரைக் கெடுக்காது, சூடு தாங்காத ஸ்கோப்புக்கு வேற என்ன செய்வோம். கூட வர்ற பவுடரைக் கொட்டினதும் பச்சையாகுதே, அப்பதான் காரத்தன்மை ஏறி வீரியம் வருது, நிறைய கம்பெனி சரக்குல 14 நாள்தான் அந்த வீரியம். ஆனா காத்துல 0.05 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துக்கு 0.05 பங்கு) தாண்டவே கூடாதுன்னு அமெரிக்க நிபுணர்கள் வரம்பு வெச்சிருக்காங்க, 0.04லயே மூக்குக்கு வாசம் தெரியும். அப்போ உங்க ரூம்ல நெடி அடிக்குதுன்னாலே வரம்புகிட்ட வந்தாச்சு, தாண்டியும் இருக்கலாம்.

ஓபிஏ 0.55%தான், பவுடர் வேணாம், 20 டிகிரில 12 நிமிஷம் போதும், ஆவியும் கம்மி, அந்த வகையில மாத்துறது நல்லதுதான். ஆனா ஒண்ணும் பண்ணாதுங்கறது தப்பு. ஆஸ்துமா, தோல் அலர்ஜி இதுலயும் வந்திருக்கு, வாசம் இல்லாததால மூக்கு எச்சரிக்கையும் பண்ணாது. கையில பட்டா சாம்பல் கலர்ல கறை பிடிச்சு நாள் கணக்கா போகாது, தோல்ல இருக்கற புரதத்தோட ஒட்டிக்கிறதுதான் காரணம். ஸ்கோப்பைச் சரியா அலசலன்னா நோயாளி உடம்புக்குள்ளயும் அதே கதிதான், அதனால ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணி மாத்தி மூணு அலசல் கட்டாயம். சிறுநீர்ப்பை கேன்சருக்காக அடிக்கடி சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள்ள ஸ்கோப் விட்டுப் பாக்குறது) பண்ணிக்கிட்டவங்க சிலருக்கு உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வந்திருக்கு, அவங்களுக்குப் போடற கருவிக்கு இதைத் தொடவே கூடாதுன்னு லேபிள்லயே போட்டிருக்கும்.

எதை வெச்சாலும் ட்ரேக்கு மூடி, ஆவியை இழுத்து வெளிய தள்ளுற எக்ஸாஸ்ட், கண்ணாடி, நைட்ரைல் கையுறை வேணும், சாதா லேட்டக்ஸ் கையுறை இதுக்குப் பத்தாது. சர்ஜிக்கல் மாஸ்க் ஆவியைத் தடுக்கவே தடுக்காது. அப்புறம் பெர்மாங்கனேட்டு மேல ஃபார்மலினை (ஃபார்மால்டிஹைடு கரைசல்) ஊத்தி ரூமைப் பூட்டிப் புகை போடுவோமே, அதை யாராச்சும் திரும்பக் கொண்டு வந்தா ஒத்துக்காதீங்க, ஃபார்மால்டிஹைடு மனுஷங்களுக்குக் கேன்சர் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லயே சொல்லிடுச்சு.

உங்களுக்கு இஎஸ்ஐ இருக்கான்னு பாருங்க, வேலையால வர்ற ஆஸ்துமா அதுக்கான தொழில் நோய்ப் பட்டியல்ல இருக்கு. டாக்டர்கிட்ட போகும்போது எந்தக் கரைசல், எத்தனை வருஷம், எந்தெந்த நாள்ல இருமல் ஜாஸ்தின்னு ஒரு நோட்டுல எழுதி எடுத்துட்டுப் போங்க.